நடுவிலிருந்து நீ சொன்னது

நேற்று கண் டாக்டரைப் பார்க்க விழுப்புரம் போகலாமென்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சீர் வரிசை, மாமியாரின் மூட்டுவலி, எந்தக் கல்யாணத்தில் யார் யாரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள் என்பது வரை பேருந்து நிலையமே கேட்டது. ஒருவருக்கும் வெட்கமில்லை. எனக்கானால் வாய் துறுதுறுவென்றிருந்தது. டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்த பழக்கத்தில் குறுக்கே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, இன்னும் பேசுறீங்களா, கட் பண்ணட்டுமா?" என்று கேட்டுவிடலாமா என்று பார்த்தேன். கேட்டிருந்தால் கிழவிக்குக் கிறுக்கு என்றிருப்பாள். நீ கூட இருந்திருந்தால் கேட்டே இருப்பாய்.

நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஓய்வுபெற்ற ஆபரேட்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் உன் படத்தைப் போட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருந்தார்கள். மேலே ஒரு ரோஜாப்பூ காலை வணக்கம். கீழே சர்க்கரை நோய்க்கு ஏதோ கஷாயம். நடுவில் நீ. இந்த வயதில் சினேகிதர்கள் புதிதாகக் கிடைப்பதில்லையடி, இருப்பவர்கள் போன செய்திதான் வருகிறது. எழுந்து, குளித்து, பஸ் பிடித்துப் போய், ஒரு மாலையைப் போட்டுவிட்டு வருவதற்குள் முழங்கால் இரண்டும் கழன்றுவிடுகின்றன. வர வர துக்கப்படுவதற்கே தெம்பில்லை. ஆனால் உன் விஷயத்தில் அது வெறும் அலுப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ எனக்குக் கிடைத்த நாளை என்னால் சொல்ல முடியும். எண்பதுகளின் தொடக்கம். வெளியூர்க் கால்களை இணைக்கும் விழுப்புரம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு எந்த ஒயரை எங்கே செருகுவதென்று மறந்துபோகும். மெட்ராஸில் கடலை விலை கேட்பதற்காக ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் காலையிலிருந்து கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்தார். லைன் கிடைக்கவில்லை. அது என் குற்றமா? கன்னாபின்னாவென்று திட்டினார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து நீ எட்டி என் ஒயரைப் பிடுங்கி உன் பக்கத்தில் செருகினாய்.

"இன்னாங்க, கத்துனா லைன் வந்துடுமா? கத்துறதுன்னா மாடி மேல ஏறி மெட்ராஸ் பக்கமா பாத்துக் கத்துங்க. காசாவது மிச்சமாவும்."

சூப்பர்வைசர் அம்மா உன்னைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தார். நீ தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு வந்து என்னிடம், "மூக்கத் துடைடி, ஹெட்செட்ல ஒழுவுது" என்றாய். அன்றைக்கு நீ எனக்குச் சினேகிதி. அதற்கு முன்னால் உன் ஊர்கூட எனக்குத் தெரியாது.

உன் ஊர் மயிலம் என்று அன்று சாயங்காலம் ரயிலில் தெரிந்தது. மறுநாள் முதல் திண்டிவனத்தில் நான் ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் சாப்பாட்டுக் கூடையை வைத்து உனக்கு இடம் பிடித்துவிடுவேன். மயிலத்தில் நீ ஏறுவதற்குள் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்! "இன்னாம்மா, கூடைக்கும் டிக்கெட் வாங்கிக்கினியா?" என்று கேட்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். நீ வந்து கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கூடைக்கு சீசன் டிக்கெட்டு இருக்குதுங்க, அடுத்த மாசம் புதுப்பிக்கணும்" என்பாய். பெட்டியே சிரிக்கும். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதற்குள்ளிருந்தும் பேசிக்கொண்டேயிருப்பாய். உன் கேப்பை அடைக்கும் என் புளிச்சோற்றுக்கும் அந்தப் பெட்டியிலேயே மாற்று நடந்துவிடும். மதியம் வரை தாங்காது.

வேலையில் உன்னை மிஞ்ச ஆளில்லை. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தூரத்து லைன் மோசமாக இருக்கும் நாட்களில் இந்த முனைக்காரர் பேசுவது அந்த முனைக்காரருக்குக் கேட்காது, நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டும் மெல்லிசாகக் கேட்கும். அப்போது நாம்தான் வாயாக வேண்டும். இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொன்னது சொன்னபடி எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்தது, மாடு செத்தது, பத்திரம் பதிவானது, பெரியவர் தவறிப்போனது எல்லாவற்றையும் நீ ஒரே குரலில் சொல்வாய். நான் ஒரு தரம் தடுமாறிப்போய், "அந்தப் பக்கம் அழுவுறாருடி, நான் இன்னா சொல்றது?" என்று உன்னைக் கேட்டேன்.

"அழுவுறாருங்கன்னு சொல்லு. அழுகைய நீ முழுங்கிட்டா அவங்க வூட்டு அழுகை உன் வயித்துல தங்கிடும்."

"உனக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

"இந்த வாயி நம்மளது இல்லடி, கவர்மெண்டுக்கு வாடகைக்கு வுட்டது. வூட்டுக்குப் போவும்போது திருப்பி வாங்கிக்கினு போவணும்."

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, ஒரு வார்த்தையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நம் பிழைப்புக்கு அது ஒன்றுதான் மானம். அதில் நீ என்னைவிடக் கறார். பஸ் நிலையத்துக்காரி மாதிரி யாராவது அந்தக் காலத்தில் உன்னிடம் ஊர்வம்பு கேட்டால், "எனக்குக் காது இல்லீங்க, ஹெட்செட்டுக்குத்தான் இருக்குது" என்று வெட்டிவிடுவாய்.

எனக்கு மாப்பிள்ளை அமைந்தது இரண்டு மூன்று வருஷம் கழித்து. வல்லத்துப் பக்கம் சொந்த நிலம் உள்ள குடும்பம். பையனுக்குப் பம்பாயில் கம்பெனி வேலை. அவனுடைய தாய்மாமன்தான் முன்னின்று பேசினார். பையன் வரவில்லை, போட்டோதான் வந்தது. அந்தப் போட்டோவை நான் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு ரயிலில் உனக்குக் காட்டாத நாளில்லை. "பாத்தாச்சுடி, நேத்து இருந்த மூக்குதான் இன்னிக்கும் இருக்குது" என்று அலுத்துக்கொள்வாய். பூ வைத்தார்கள், பத்திரிகை அடித்தார்கள். எக்ஸ்சேஞ்சில் எல்லாருக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் கொடுத்தேன்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மதியம். வெளியே அடைமழை, எல்லா லைனும் கரகரவென்று இருந்தது. உன் போர்டில் செஞ்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு கால். வழக்கம்போல நீ நடுவிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். என் போர்டில் வேலை ஓய்ந்திருந்ததால் உன் பேச்சு என் காதில் விழுந்தது.

"அவருக்கு இஷ்டம் இல்லையாம்ங்க... ஆமாங்க... அங்க ஒரு பொண்ணு இருக்குதாம். அதோடதான் இருக்காராம்... அப்பாவாண்ட சொல்ல பயமா இருக்குதாம், நீங்களே சொல்லி நிறுத்திடச் சொல்றாருங்க."

உன் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மல்லாட்டை விலை சொல்கிற அதே குரல். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. என் ஹெட்செட்டின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு உன் பக்கம் சாய்ந்து, "ஐயோ, அந்தப் பொண்ணு பாவம்டி. யாராவது அதாண்ட போய் சொல்லக் கூடாதா?" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பேச்சுக்கு நடுவில் நான் குறுக்கிட்டது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் நாற்காலிக்கு நகர்ந்துவிட்டேன். பிறகு நீ ஏதோ சொல்லி முடித்து ஒயர்களைப் பிடுங்கினாய். அன்று ரயிலில் தலைவலி என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாய்.

அதற்கப்புறம் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தக்கால் நட்டாயிற்று. பையன் வர வேண்டிய ரயிலில் வரவில்லை. அடுத்த ரயிலிலும் வரவில்லை. தந்திக்குப் பதிலில்லை. அப்பா வல்லத்துக்குப் போய் அவர்கள் வாசலில் நின்றுவிட்டு வந்தார். தாய்மாமன் எங்கள் வீட்டுக்கே வந்து, கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கு முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "போன்ல சரின்னு ஒத்துக்கினான் சாமி! என் காதால கேட்டேன்! இப்ப இப்படி மோசம் பண்ணிட்டானே!" என்று கத்தினார். நீ அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். என் கை உன் கைக்குள் இருந்தது. உன் கை ஐஸாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்காக இப்படிப் பதறுகிறாளே என்று உருகிப்போனேன்.

அந்த வருஷம் முழுக்க உன்னால்தான் உயிரோடு இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. மாப்பிள்ளை வராமல் போன பெண் என்று ஊர் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருண்டுபோனேன். நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மயிலத்திலிருந்து வந்தாய். எனக்குத் தலை பின்னிவிட்டாய், அம்மாவுக்கு அரிசி புடைத்துக் கொடுத்தாய். ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு பெருமுக்கல் மலைக்குப் போனாய். மேலே கோவிலுக்குப் பின்னால் பாறையில் உட்கார வைத்து, "இங்க அழுடி. வூட்ல அழுதா உங்கப்பா பாத்துக்கினு இருக்காரு" என்றாய். அழுதேன். ஓய்ந்தபோது நீ, "ஒண்ணு சொல்லணும்" என்றாய். "இன்னா?" என்றேன். நீ புடவையைத் தட்டிவிட்டு எழுந்து, "ஒண்ணுமில்ல, பசிக்குது, வா" என்றாய்.

என்னிடமிருந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அநேகம் பேர் எப்போது போனார்கள் என்றே தெரியாது. மாற்றல் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், பொங்கல் வாழ்த்து ஒரு வருஷம் தவறும், அப்புறம் அவர்கள் ஊருக்குப் போனாலும் கதவைத் தட்டத் தோன்றாது. அதில் யாருக்கும் வலியில்லை. உன்னை இழந்தது அப்படி இல்லை. இழந்த இடம்கூட எனக்குத் தெரியும். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில்.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, திண்டிவனத்துக்கு மாற்றலும் கிடைத்திருந்த சமயம். காலை ரயில். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைப் பார்த்துத்தான் உனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

"வசந்தா, அந்த பம்பாய் கால் ஞாபகம் இருக்குதா? மழைல. நீ கூட அந்தப் பொண்ணு பாவம்னியே."

"எந்தக் கால்?"

"அந்தப் பொண்ணு நீதாண்டி."

எனக்குப் புரியவே இல்லை. நீ ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, டிரங்க் லைனில் பேசுகிற அதே ஒரே குரலில் முழுவதையும் சொன்னாய். செஞ்சியிலிருந்து பேசியது தாய்மாமன் என்று பேர் சொன்னதுமே உனக்குத் தெரிந்துவிட்டதாம். பையன் மாட்டேன் என்றதும் அவர் சொன்னாராம்: "மூடிக்கினு ஊருக்கு வந்து தாலியக் கட்டச் சொல்லும்மா. கட்டிட்டு அவளை இங்கயே வுட்டுட்டுப் போவட்டும். அவனவன் செய்யலியா?" இதை நீ பம்பாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் நான் உன் பக்கம் சாய்ந்திருக்கிறேன். நீ போர்டில் ஒரு பக்கச் சாவியை மட்டும் தள்ளி, செஞ்சிக்குக் கேட்காதபடி, பையனிடம் சொன்னாய்: "நிறுத்திடறேன்னு சொல்றாருங்க. நீங்க வர வேணாமாம்." அவன், "சரி, சரி, அவருக்குக் கோடி நமஸ்காரம்னு சொல்லுங்க" என்றானாம். இந்தப் பக்கம் திரும்பித் தாய்மாமனிடம், "சரின்னு சொல்றாருங்க" என்றாய். இரண்டு முனையிலும் நிம்மதியாகப் போனை வைத்தார்கள்.

வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதவள், ஒரே ஒரு தரம் மாற்றினாய். எனக்காக.

நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்தாயோ என்னவோ. எனக்கு அப்பா முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. வல்லத்திலிருந்து திரும்பி வந்து, பந்தலுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றாரே, அந்த முகம்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"லைன்ல கேட்டத வெளிய சொன்னா வேலை போயிடும்டி."

"மாத்திச் சொன்னா போவாதா?"

நீ, "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா? அந்தப் போட்டோ மேல உனக்கு அவ்ளோ பைத்தியம்" என்றாய்.

"நம்பறதும் நம்பாததும் என் பாடு. நீ சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். எங்கப்பா வாசல்ல நின்னு வழி பாத்துக்கினு இருந்திருக்க மாட்டாரு."

"நீதானடி சொன்ன, யாராவது அந்தப் பொண்ணாண்ட சொல்லக் கூடாதான்னு!"

"சொல்லத்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியாம அவ கல்யாணத்த நிறுத்தச் சொல்லல."

முண்டியம்பாக்கம் வந்தது. நான் எழுந்து போய்க் கதவருகில் நின்றுகொண்டேன். நீ கூப்பிடவில்லை. விழுப்புரத்தில் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்தோம். நான் திண்டிவனத்துக்கு மாறிப்போன அன்று எல்லாரும் மாலை போட்டார்கள். நீ லீவு. என் கல்யாணத்துக்கு உனக்குப் பத்திரிகை வைத்தேன், வீட்டுக்கு வந்து வைக்கவில்லை, மேஜை மேல் வைத்தேன். நீ வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். அப்புறம் ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. வந்தது, போர்டுகளைக் கழற்றினார்கள், எல்லாரையும் ஆளுக்கொரு மூலையில் போட்டார்கள்.

என் வீட்டுக்காரரைத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். குறட்டை விடுவார், குழம்பில் உப்பு என்றால் ஊரைக் கூட்டுவார். ஆனால் என்னை ஒரு நாளும் தள்ளி வைத்ததில்லை. பம்பாய்க்காரன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்துவிட்டான் என்று கேள்வி. எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. நீ செய்தது சரியாகவே போய்விட்டது. அதுதானடி எனக்கு ஆறவில்லை. தப்பாகப் போயிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன், நீயும் காலில் விழுந்திருப்பாய், இரண்டு பேரும் மறுபடி அந்த ரயிலில் ஏறியிருப்போம்.

எத்தனையோ தரம் உனக்கு எதிராக நானே வாதாடியிருக்கிறேன், உன் பக்கமும் நானே பேசியிருக்கிறேன். வேலை போயிருந்தால் உன் வீட்டில் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் பயந்துபோய் ஒயரைப் பிடுங்கியிருப்பேன், அவ்வளவுதான். இதையெல்லாம் யோசித்து முடிக்கும்போது கோபம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்பா தெருவில் நிற்கிறார். நான் என்ன செய்ய?

மயிலத்துக்கு வந்தேன். உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வாயை இறுக்க மூடிக்கொண்டு படுத்திருந்தாய், உனக்குப் பொருந்தவே இல்லை. உன் மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "நீங்க அம்மாவுக்கு..." என்று இழுத்தாள். எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை செய்தவள், வசந்தா என்றேன்.

"அம்மா எக்ஸ்சேஞ்ச் கதையெல்லாம் நிறைய சொல்வாங்க ஆன்ட்டி. மண்டிக்காரரு, ரயிலு, எல்லாம். உங்க பேரு மட்டும் சொன்னதே இல்லையே."

அங்கே உட்கார்ந்திருந்தபோது அது சுருக்கென்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புரிந்தது. என் பேரை எடுத்தால் அந்தக் காலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். உன் புருஷனுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது. நானும் அப்படித்தான். அப்பா கண்ணை மூடும்வரை பம்பாய்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நம்பிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் மனது ஆறுமோ என்று தோன்றிய நாட்கள் உண்டு. சொல்லவில்லை. உன்மேல் கொதித்துக்கொண்டிருந்த நாட்களில்கூட, ஒரு ஆளிடம் வாய் தவறினால் உன் வேலை போய்விடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷமாக உன்னை இழந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் அதையே எனக்குச் செய்திருக்கிறாய்.

போனவர்கள்மேல் கோபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். சொல்பவர்களுக்கென்ன. என் கோபம் அப்படியே இருக்கிறது, கொஞ்சம்கூடக் குறையவில்லை. யாரிடமாவது இறக்கி வைக்கலாமென்றால் முதலில் அந்த மழை, அந்த லைன், அந்த இரண்டு "சரி" எல்லாவற்றையும் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். அப்போதும் அவர்களுக்குப் பாதிதான் புரியும். எதையும் விளக்காமல் நான் சண்டை போடக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். இனிமேல் இதை நான் யாரோடு சண்டை போடுவேன், சொல்லடி.